அச்சு முறியாத வண்டி

தமிழ்நாட்டில் வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் ‘யூனிட்’ என்ற சொல் தெரியும். எம்-சாண்டும் ஜல்லியும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் விலை பேசப்படுகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். கிரஷரில் லாரி போய் நிற்கும். பொக்லைன் அள்ளி அள்ளிப் போடும். பெட்டி எந்த உயரம் வரை நிரம்பியது என்று பார்த்து இத்தனை யூனிட் என்பார்கள். விலையும் வாடகையும் யூனிட்டுக்குத்தான். அந்த இடத்தில் பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இது எத்தனை டன்?

கணக்கு கடினமானதல்ல. கொட்டிக் கிடக்கும் எம்-சாண்ட் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.6 டன் இருக்கும். அப்படியானால் ஒரு யூனிட் நாலரை டன். பின்னால் ஒற்றை அச்சுள்ள ஆறு சக்கர டிப்பருக்குச் சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை 18.5 டன். வெறும் வண்டியே ஆறரை டன் என்று வைத்துக்கொண்டால் மீதி இருப்பது 12 டன். இரண்டரை யூனிட்டைக் கொஞ்சம் தாண்டியதும் வரம்பு முடிந்துவிடுகிறது. பெட்டியிலோ இன்னும் இடம் இருக்கிறது. நான்கு யூனிட் ஏற்றினால் சரக்கு மட்டும் 18 டன்.

கண்ணை நம்பவும் முடியாது. லேசாக ஈரமான மணல் உப்பிக்கொண்டு அதிக இடத்தை அடைக்கும். முழுக்க நனைந்த மணலோ அதே இடத்தில் பல நூறு கிலோ கூடுதலாக இருக்கும். சரக்கை அளப்பது கன அடியில், சட்டம் பேசுவது டன்னில். இந்த இடைவெளிக்குள்தான் நம் நெடுஞ்சாலைகளின் ஆயுள் கரைந்துகொண்டிருக்கிறது.

திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், 475-ஆம் குறளில், மயில்தோகை ஏற்றிய வண்டியைச் சொல்கிறார். இறகுதானே என்று அளவின்றி அடுக்கினால் அதற்கும் அச்சு முறிந்துவிடும் என்பது கருத்து. அவர் காலத்து மாட்டுவண்டியில் பாரத்துக்கு இயற்கையே ஓர் எல்லை வைத்திருந்தது. அளவு மீறினால் மரத்தாலான அச்சு முறியும், நட்டம் ஏற்றியவனுக்கே. வண்டியே தராசாகவும் தண்டிக்கும் அதிகாரியாகவும் இருந்த காலம் அது.

இன்றைய லாரியின் அச்சு எஃகு. போதவில்லை என்றால் கூடுதல் பட்டை வைத்து ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கலாம், பெட்டியின் உயரத்தைக் கூட்டலாம், டயரில் காற்றை ஏற்றலாம். இரு மடங்கு பாரத்தைக்கூடச் சுமந்துகொண்டு வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் முறிவு மறைந்துவிடவில்லை. அச்சிலிருந்து இறங்கி, அது சாலைக்கு இடம் மாறியிருக்கிறது. வண்டி ஒருவருடையது, சாலை எல்லோருடையது. எடை வரம்பை அமல்படுத்துவது என்பது, வள்ளுவர் காலத்து அச்சு தானாகச் செய்த வேலையை அறிவியலையும் சட்டத்தையும் கொண்டு மறுபடி செய்ய வைப்பதுதான்.

நான்காம் அடுக்கு

பாரம் சாலையை எவ்வளவு கெடுக்கிறது என்பதை மனிதகுலம் ஒரு முறை பெரும் செலவில் சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற சிற்றூருக்கு அருகே, 1956-இல் ஆறு வளையச் சாலைகள் அமைக்கத் தொடங்கினார்கள். தாரும் கான்கிரீட்டுமாக, வெவ்வேறு தடிமனில் 836 துண்டுகள். கூடவே 16 சிறு பாலங்கள். மொத்தச் செலவு 2 கோடியே 70 லட்சம் டாலர். 1958 அக்டோபரிலிருந்து 1960 நவம்பர் வரை, ராணுவ வீரர்கள் ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்கும் மேலாக லாரிகளை அந்த வளையங்களில் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடத்திலும் குறிப்பிட்ட எடையுள்ள அச்சுகள் மட்டுமே ஓடின. ஒரு வளையத்தில் வண்டியே விடவில்லை, வெயிலும் பனியும் மட்டும் என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்காக. முடிவில் சோதனைத் தடங்கள் 11 லட்சத்து 14 ஆயிரம் அச்சுக் கடப்புகளைத் தாங்கியிருந்தன.

அந்தத் தரவுகளிலிருந்து பிறந்ததுதான் ‘நான்காம் அடுக்கு விதி’. அச்சின் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரு மடங்காவதில்லை. இரண்டை நான்கு முறை பெருக்கி வரும் 16 மடங்காகிறது. மும்மடங்கானால் 81. இது இயற்பியலின் அடிப்படை விதி அல்ல, சோதனை காட்டிய தோராய உறவு. மண்ணும் தடிமனும் சேத வகையும் மாறினால் அந்த நான்கும் சற்று நகரும். இந்தியச் சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 37 வழிகாட்டியில் தார்ச்சாலையின் விரிசலுக்கான சமன்பாட்டில் அந்த அடுக்கு 3.89, சக்கரத்தடம் பள்ளமாவதற்கான சமன்பாட்டில் 4.53. நடுவே நிற்பது நான்குதான்.

இதன் பொருளை ஒரு காரை வைத்துப் பார்ப்போம். 1.2 டன் எடையுள்ள காரின் ஒவ்வோர் அச்சிலும் 0.6 டன். 10.2 டன் தாங்கும் லாரி அச்சு அதைப்போல் 17 மடங்கு. 17-ஐ நான்கு முறை பெருக்கினால் 83,521. அந்த ஓர் அச்சு ஒரு முறை கடப்பது, அதே காரின் அச்சு எண்பதாயிரம் முறைக்கு மேல் கடப்பதற்குச் சமம். சாலையின் தடிமனைக் கணக்கிடும் பொறியாளர் கார்களையும் இருசக்கர வாகனங்களையும் எண்ணுவதே இல்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

இனி நம் டிப்பருக்கு வருவோம். சாலைப் பொறியாளர்கள் சேதத்தைத் ‘தர அச்சு’ என்ற அலகில் எண்ணுகிறார்கள். இரட்டைச் சக்கரம் பூட்டிய 80 கிலோநியூட்டன் அச்சு, அதாவது ஏறத்தாழ 8.16 டன், ஒரு முறை கடந்தால் ஒன்று. முன்னச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரம்தான் என்பதால் அதற்கு 65 கிலோநியூட்டன். முன்னே 7 டன், பின்னே 11.5 டன் என்று சட்டப்படி ஓடும் 18.5 டன் வண்டி ஒரு முறை கடந்தால், முன்னச்சு 1.24, பின்னச்சு 3.95, ஆக மொத்தம் 5.2 தர அச்சு.

நான்கு யூனிட் ஏற்றிய வண்டியில் கூடுதல் பாரத்தின் பெரும்பகுதி பின்னச்சில் இறங்கும். முன்னே 7.5, பின்னே 17 டன் என்று கொண்டால் சேதம் 20.5 தர அச்சு. சரக்கு ஒன்றரை மடங்கு, சேதம் நான்கு மடங்கு.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். 36 டன் மணல் வேண்டும். சட்டப்படி 12 டன் வீதம் மூன்று நடை, சேதம் 15.6. அதிக பாரமாக 18 டன் வீதம் இரண்டு நடை, சேதம் 41. ஒரு நடையின் டீசலையும் கூலியையும் மிச்சப்படுத்த, சாலையின் ஆயுளிலிருந்து 25 தர அச்சுகள் கூடுதலாக எடுக்கப்படுகின்றன. மிச்சம் ஒருவர் பைக்கும் செலவு பொதுக் கணக்குக்கும் போகிறது. சாலையில் ஓடும் எல்லா லாரியும் இப்படியே ஓடினால், 15 ஆண்டு உழைக்கட்டும் என்று போட்ட சாலை நான்கு ஆண்டுகூடத் தாங்காது.

இதே விதிக்குள் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சாலை வண்டியின் மொத்த எடையைப் பார்ப்பதில்லை, ஒவ்வோர் அச்சின் எடையையே பார்க்கிறது. அருகருகே பூட்டிய இரட்டைப் பின்னச்சுக்குச் சட்டம் 21 டன் அனுமதிக்கிறது. ஐ.ஆர்.சி. கணக்கில் அதன் சேதம் 3.75. ஒற்றை அச்சில் 11.5 டன் செய்யும் 3.95-ஐவிட அது குறைவு. ஒன்பதரை டன் கூடுதலாகச் சுமந்தும் சாலைக்கு வலி குறைகிறது. சரக்குப் போக்குவரத்தை முடக்காமலே சாலையைக் காக்க வழியுண்டு: எடையைக் கூட்ட வேண்டுமானால் அச்சைக் கூட்ட வேண்டும்.

2018 ஜூலையில் மத்திய அரசு ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரண்டச்சு லாரியின் மொத்த எடையை 16.2-இலிருந்து 18.5 டன்னாகவும் உயர்த்தியது. அச்சில் 13 சதவீத உயர்வு, நான்காம் அடுக்கில் 62 சதவீதக் கூடுதல் சேதம். வரம்பையே உயர்த்தியாகிவிட்ட நிலையில், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டன்னும் முன்பைவிடக் கொடியது.

சாலை, பாலம், பிரேக்

கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிகிறது. சாலையும் அப்படித்தான் சாகிறது. சக்கரம் ஏறும்போது தார் அடுக்கு நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீழே வளைந்து மீள்கிறது. வளையும்போது அடிப்புறம் இழுபடுகிறது. லட்சக்கணக்கான இழுப்புகளுக்குப் பிறகு அங்கே நுண்ணிய விரிசல் விழுந்து மேல்நோக்கி வளர்கிறது. அது மேற்பரப்பை எட்டும் நாளில் மழைநீருக்குக் கதவு திறக்கிறது. நீர் இறங்கிய மண் இளகுகிறது. இளகிய மண்ணின் மேல் தார் இன்னும் அதிகமாக வளைகிறது. மழை முடிந்ததும் திடீரென்று முளைத்ததுபோல் தோன்றும் குழிக்குள் பல ஆண்டுப் பாரம் ஒளிந்திருக்கிறது. பழி மழைக்குப் போய்விடுகிறது.

சாலை மெல்லச் சாகும். பாலம் ஒரே நொடியிலும் விழலாம். 2019 அக்டோபர் 10 அன்று சீனாவின் வூசி நகரில், ஒற்றைத் தூண் வரிசையின் மேல் நின்ற மேம்பாலம் ஒன்று அப்படியே பக்கவாட்டில் கவிழ்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள். எஃகுச் சுருள்களை வரம்புக்கு மிக அதிகமாக ஏற்றிய லாரிகள் அப்போது பாலத்தின் மேல் இருந்தன. இங்கே வேலை செய்தது திருப்புவிசை. தூண் நடுவே, பாரம் ஓரத்தில். தராசின் ஒரு தட்டில் மட்டும் படிக்கல்லை வைத்தால் என்ன ஆகுமோ, அது ஆனது.

மூன்றாவது ஆபத்து மலையிறக்கத்தில் இருக்கிறது. சேலம்–தருமபுரி சாலையில் தொப்பூர் கணவாயைக் கடந்தவர்களுக்கு இது தெரியும். லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, அதன் நிலையாற்றலை எஞ்சினும் பிரேக்கும் வெப்பமாக்கிக் கழித்தாக வேண்டும். 18.5 டன் வண்டியில் அந்த ஆற்றல், 30 டிகிரியில் இருக்கும் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். 24.5 டன் ஏற்றினால் 80 லிட்டருக்கு. பிரேக் டிரம்மின் அளவோ 18.5 டன்னுக்கு வடிவமைத்தது. சூடேறிய லைனிங்கின் பிடிமானம் குறைகிறது. ஓட்டுநர் மிதிக்கிறார், வண்டி கேட்பதில்லை. அப்போது முன்னால் போய்க்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்தச் சரக்கோடு எந்தச் சம்பந்தமும் இருப்பதில்லை.

இருக்கும் சட்டம், இல்லாத தராசு

நம் சட்டம் பலவீனமானதல்ல. 1988-இன் மோட்டார் வாகனச் சட்டத்தில் 113-ஆம் பிரிவு எடை வரம்பை மீறி ஓட்டுவதைத் தடை செய்கிறது. 114-ஆம் பிரிவு, சந்தேகப்படும் அதிகாரி வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லவும், கூடுதல் பாரத்தை இறக்கச் சொல்லவும் அதிகாரம் தருகிறது. 2019-இல் திருத்தப்பட்ட 194-ஆம் பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய். அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. முன்பு இது 2,000, டன்னுக்கு 1,000 என்று இருந்தது. எடை போட மறுத்தால் 40,000. அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு கிளம்பிவிடவும் முடியாது. மிகுதியை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது: பணம் வாங்கிக்கொண்டு அதிக பாரத்தோடு வண்டியைப் போக விடுவது சட்டத்துக்கு விரோதம். அபராதம் வாங்கிவிட்டுப் போக விட்டால் அது தண்டனையாக இராது. சாலையை உடைப்பதற்கான கட்டணமாகிவிடும்.

பிறகு ஏன் நடக்கவில்லை? ஒரு செக்போஸ்ட்டில் நின்று பார்த்தால் விடை தெரியும். நிமிடத்துக்குப் பல லாரிகள் கடக்கும் நெடுஞ்சாலையில் ஒரு மோட்டார் வாகன ஆய்வாளர் கை காட்டி ஒன்றை நிறுத்துகிறார். எடை மேடை சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போய், வரிசையில் நின்று, எடைச்சீட்டு வாங்கித் திரும்புவதற்குள் நூற்றுக்கணக்கான வண்டிகள் போய்விடுகின்றன. ‘செக்கிங் இருக்கு’ என்ற செய்தி செல்பேசியில் அதற்குள் பரவி, மற்ற வண்டிகள் தாபாவில் ஒதுங்குகின்றன, அல்லது கிராமச் சாலையில் திரும்புகின்றன. மெல்லிய கிராமச் சாலை அந்தப் பாரத்தை இன்னும் குறைவாகவே தாங்கும். அதிக பாரம் இருக்கிறது என்று நிரூபித்தாலும் 6 டன் ஜல்லியை எங்கே இறக்குவது, எதைக் கொண்டு இறக்குவது, யார் காவல் இருப்பது? இடமும் இயந்திரமும் இல்லாத இடத்தில் சட்டம் எழுத்தாகவே நின்றுவிடுகிறது.

அபராதத்தை உயர்த்தினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கேரி பெக்கர் என்ற பொருளியலாளர் 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் அடிப்படைக் கருத்து இது: ஒருவரைத் தடுப்பது தண்டனையின் அளவு மட்டுமல்ல, பிடிபடும் வாய்ப்பும் சேர்ந்ததுதான். 6 டன் கூடுதலாக ஏற்றினால் அபராதம் 32,000 ரூபாய். அந்தக் கூடுதல் பாரத்தால் நடைக்கு 3,000 ரூபாய் மிச்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பதினொரு நடைக்கு ஒரு முறைகூடப் பிடிபடவில்லை என்றால் மீறுவதுதான் லாபம். ஒழுங்காக 12 டன் மட்டும் ஏற்றும் உரிமையாளர் வாடகைப் போட்டியில் தோற்றுப்போவார். நேர்மையானவரை நட்டத்தில் தள்ளும் ஏற்பாடு நெடுநாள் நேர்மையை எதிர்பார்க்க முடியாது. அபராதம் பெருகி, பிடிபடும் வாய்ப்பு கூடாமல் இருந்தால், பெருகுவது சாலையோரத்தில் கைமாறும் பணத்தின் அளவுதான். ஆகவே நாம் உயர்த்த வேண்டியது பிடிபடும் வாய்ப்பை. அதற்கு, எல்லா வண்டியையும் நிறுத்தாமலே எடை போடும் தராசு வேண்டும்.

ஓடும் வண்டியை நிறுப்பது

அப்படி ஒரு தராசு இருக்கிறது. ‘வே-இன்-மோஷன்’ என்பார்கள், ஓடும்போதே எடை போடும் கருவி. சாலையின் குறுக்கே வெட்டிய மெல்லிய பள்ளத்தில் உணரிப் பட்டைகளைப் பதித்து மேலே சமன் செய்துவிடுவார்கள். சில வகைகளில் உள்ளே இருப்பது குவார்ட்ஸ் படிகம். படிகத்தை அழுத்தினால் மின்னேற்றம் பிறக்கும் என்பதை 1880-இல் பியரி கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் கண்டறிந்தார்கள். அந்த மின்னேற்றத்தின் அளவே அழுத்தத்தின் அளவு.

பட்டை டயரின் தடத்தைவிட ஒடுக்கமானது. அதனால் எந்த நொடியிலும் அது சக்கரப் பாரத்தின் ஒரு பகுதியையே உணர்கிறது. சக்கரம் ஏறி இறங்கும் வரை வரும் சமிக்ஞையைக் கூட்டி, வேகத்தால் பெருக்கி, பட்டையின் அகலத்தால் வகுத்தால் சக்கரத்தின் எடை கிடைக்கும். இரண்டு பட்டைகளுக்கு இடையே எடுத்த நேரம் வேகத்தைச் சொல்கிறது. சாலைக்கடியில் இருக்கும் கம்பிச் சுருள், ஒரு வண்டி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்டுகிறது. மேலே இருக்கும் கேமரா எண் பலகையைப் படிக்கிறது.

சிக்கல், லாரி அமைதியாக ஓடுவதில்லை என்பது. ஸ்பிரிங்கின் மேல் உடல் நொடிக்கு இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடுகிறது; அச்சுகள் அதைவிட வேகமாகத் துள்ளுகின்றன. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் சக்கரம் பட்டையின் மேல் இருப்பது ஏறத்தாழ 13 மில்லி நொடி. அந்தக் கணத்தில் வண்டி துள்ளலின் உச்சியில் இருந்தால் எடை குறைவாகத் தெரியும், அடியில் இருந்தால் அதிகமாகத் தெரியும். கருவி பொய் சொல்வதில்லை. சாலை அந்தக் கணத்தில் உணர்ந்த விசையை அது சரியாகவே சொல்கிறது. நமக்கு வேண்டியதோ நிற்கும் வண்டியின் எடை.

இதற்கு விடையும் இயற்பியலில்தான். கருவிக்கு முன்னால் நெடுந்தூரம் மேடு பள்ளம் இல்லாத நேர்ச்சாலை இருந்தால் துள்ளல் அடங்கும். ஒரு பட்டைக்குப் பதில் இடைவெளி விட்டுப் பல வரிசைகள் பதித்தால், ஒன்று உச்சியைப் பிடிக்கும், இன்னொன்று அடியைப் பிடிக்கும். சராசரி உண்மையை நெருங்கும். வெயிலில் இளகும் தாரின் பாதிப்பை வெப்பமானி கொண்டு திருத்தலாம். எடை தெரிந்த லாரியை அவ்வப்போது ஓட்டிப் பார்த்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். சுங்கச்சாவடித் தடத்தில் வண்டி மெல்ல ஊர்வதால் துள்ளல் குறைவு, துல்லியம் அதிகம். அங்கே கவனிக்க வேண்டியது மனிதத் தந்திரங்களை: மேடையின் மேல் சட்டென்று பிரேக் போடுவது, சக்கரத்தை ஓரம் தட்டி ஓட்டுவது, வேண்டும்போது இறக்கவும் தூக்கவும் முடிகிற தூக்கு அச்சைத் தராசுக்கு மட்டும் இறக்கிவிட்டுப் பிறகு தூக்கிக்கொள்வது. தடத்தின் முழு அகலத்துக்கும் உணரி, பக்கவாட்டுக் கேமரா, சற்றுத் தள்ளி இரண்டாவது கருவி என்று ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு.

இந்தக் கருவியை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். முதலாவது, சல்லடையாக: ஓடும் வண்டிகளில் சந்தேகத்துக்குரியவற்றை மட்டும் பிரித்து, அடுத்த எடை மேடைக்குத் திருப்புவது. ஆய்வாளர் குத்துமதிப்பாகக் கை காட்ட வேண்டியதில்லை. ஒழுங்காகப் போகும் ஓட்டுநருக்கு ஒரு நிமிடமும் வீணாகாது. இரண்டாவது, நேரடிச் சாட்சியாக: கருவியின் அளவையே வைத்து அபராதம் அனுப்புவது. செக் குடியரசும் ஹங்கேரியும் இந்த வழியில் போகின்றன. இதற்குக் கருவி சட்ட அளவியல் சான்று பெற்றிருக்க வேண்டும். கருவியின் பிழை வரம்பை ஓட்டுநருக்குச் சாதகமாகக் கழித்துவிட வேண்டும். சந்தேகத்தின் பலனை வண்டிக்குக் கொடுத்த பிறகும் மீறல் தெரிந்தால், அதை யாரும் மறுக்க முடியாது.

இந்தியாவில் இதற்கான கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ, மின்னணு முறையில் சாலை விதிகளை அமல்படுத்தும் கருவிகளின் பட்டியலில் வேகக் கேமராவோடு எடைக் கருவியையும் சேர்த்திருக்கிறது. அவற்றுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒப்புதல் சான்றையும் கேட்கிறது. ஒவ்வொரு லாரிக்கும் அனுமதித்த எடை, அரசின் வாகனப் பதிவுத் தரவுத்தளமான ‘வாகன்’-இல் இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் கட்டாயம். எண் பலகை, அனுமதித்த எடை, அளந்த எடை மூன்றையும் ஒரே வரியில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் மிச்சம்.

பாரம் ஏறும் இடம்

ஆனாலும், சாலையில் எத்தனை தராசு வைத்தாலும் அது நடந்து முடிந்த தவறைத்தான் பிடிக்கும். பாரம் ஏறுவது சாலையில் அல்ல. கிரஷரில், துறைமுகத்தில், சிமெண்ட் ஆலையில், மரக்கிடங்கில் ஏறுகிறது. எத்தனை யூனிட் என்று தீர்மானிப்பவரும் பெரும்பாலும் ஓட்டுநர் அல்ல. ‘இவ்வளவுதான் ஏற்றுவேன்’ என்று அவர் சொன்னால் அடுத்த லாரி காத்திருக்கிறது. பிடிபடுபவர் அவர், ஜாமத்தில் சாலையோரம் நிற்பவர் அவர், பிரேக் பிடிக்காதபோது முதலில் சாகிறவரும் அவர்.

இதைப் புரிந்துகொண்ட நாடுகள் தராசைத் தொடக்கத்துக்கே கொண்டுபோயின. சீனா 2020-இன் தொடக்கத்திலிருந்து விரைவுச்சாலைகளின் நுழைவாயிலிலேயே எடை போட்டு, அதிக பாரமுள்ள லாரியை உள்ளே விடாத முறைக்கு மாறியது. தென்கொரியாவில் சரக்கு வண்டிகள் சுங்கச்சாவடியில் எடை பார்க்கும் தடத்தின் வழியாகத்தான் விரைவுச்சாலைக்குள் நுழைய வேண்டும். அங்கே வரம்பு அச்சுக்கு 10 டன், மொத்தம் 40 டன். நுழையும் முன்பே தடுத்தால், நடுவழியில் பாரத்தை இறக்கும் சிக்கலே எழுவதில்லை. வந்த வழியே திரும்பிப் போய் இறக்கிவிட்டு வரலாம்.

இன்னும் ஆழமாகப் போனது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். 1980-இல் அது கொண்டுவந்த சட்டம் சாலையில் தராசு வைப்பதோடு நிற்கவில்லை. சரக்கை எடை போட்டு வாங்குகிற, அனுப்புகிற நிறுவனங்களின் எடைச்சீட்டையே சாட்சியாக ஏற்றுக்கொண்டது. தானியக் கிடங்கில் எத்தனை டன் இறக்கினார்கள் என்று கணக்குப் புத்தகம் சொன்னால், அந்த வண்டி சாலையில் எத்தனை டன்னோடு வந்தது என்பதற்கு அதுவே ஆதாரமாகும். ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2014-இலிருந்து நடைமுறையில் இருக்கும் கனரக வாகனச் சட்டம் ‘பொறுப்புச் சங்கிலி’ என்ற கருத்தின் மேல் நிற்கிறது. சரக்கை அனுப்பியவர், ஏற்றியவர், நேரம் குறித்தவர், பெற்றுக்கொண்டவர் என ஒவ்வொருவரும் அவரவர் பங்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நம்மிடமும் சங்கிலியின் கண்ணிகள் எல்லாம் தனித்தனியே இருக்கின்றன. 194-ஆம் பிரிவு ஓட்டுபவரோடு, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் குற்றத்தில் சேர்க்கிறது. குவாரியிலிருந்து புறப்படும் வண்டிக்கு நடைச்சீட்டு உண்டு. 2018-இலிருந்து மாநிலம் தாண்டும் சரக்குக்கு இ-வே பில் உண்டு. இவற்றைக் கோத்தாலே போதும். நடைச்சீட்டு அச்சாக வேண்டுமானால் வண்டி எடை மேடையின் மேல் நிற்க வேண்டும். அதன் எடை அனுமதித்த வரம்புக்குள் இருந்தால் மட்டுமே சீட்டு வெளியே வர வேண்டும். வரம்பைத் தாண்டினால் பொக்லைன் அங்கேயே நிற்கிறது; போட்ட வாளியே மிகுதியைத் திரும்ப அள்ளிக்கொள்ளட்டும். நெடுஞ்சாலையில் பெரும் சிக்கலாக இருக்கும் ‘இறக்குவது’ கிரஷரில் இரண்டு நிமிட வேலை.

கூடவே மணலையும் ஜல்லியையும் யூனிட்டில் விற்பதை விட்டு டன்னில் விற்கும் பழக்கத்துக்கு நாம் மாற வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் சட்டமும் ஒரே அலகில் பேசினால், அதிக பாரம் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. வீடு கட்டுகிறவர் எடைச்சீட்டைக் கேட்டு வாங்கட்டும். தனக்கு வரவேண்டிய மணல் சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ளவும் அதுதான் வழி. வாடகைப் பேச்சும் மாறும்: எல்லோருக்கும் 12 டன்தான் என்றால், 18 டன் ஏற்றுபவரோடு போட்டியிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வாடகை சற்று உயரும். அந்த உயர்வு புதிய செலவல்ல. இதுவரை குழியாகவும், உடைந்த பாலமாகவும், விபத்தாகவும் நாம் கட்டிக்கொண்டிருந்த விலை, அதற்குரிய சீட்டில் முதல் முறையாக எழுதப்படுகிறது, அவ்வளவுதான்.

மாட்டுவண்டிக்காரன் பாரம் ஏற்றும்போது அச்சின் முனகலைக் காது கொடுத்துக் கேட்டிருப்பான். அது போதும் என்று சொன்னதும் நிறுத்தியிருப்பான். நம் லாரிகளின் எஃகு அச்சு முனகுவதில்லை. சாலையும் முனகுவதில்லை, முதல் விரிசல் மேலே வரும் வரை. அந்த முனகலைக் கேட்கும் காது இனி பொக்லைனுக்குப் பக்கத்தில் பதித்த ஓர் எடை மேடையாக இருக்க வேண்டும். அடுத்த வாளி ஏறும் முன்பே அது ‘போதும்’ என்று சொல்ல வேண்டும். ஓட்டுநர் அந்தச் சீட்டைக் காட்டி ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்ல, அதை யாரும் மறுக்க முடியாமல் இருக்க வேண்டும்.